மலாயாவுக்குப் போன பதில்

என் அத்தான் என்னைக் கேட்காமல் என்னைப் பற்றி ஒரு பொய்யை எழுதி மலாயாவுக்குத் தபாலில் போட்டார். அல்லது என் சிநேகிதியைப் பற்றி எழுதினார். யாரைப் பற்றி எழுதினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதினார் என்பது மட்டும் உண்மை, அவரே வாயால் சொன்னது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அக்கா இப்போது இல்லை. அவர் இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கிறார். ஆகவே, இல்லாத மனிதரைப் பற்றி நான் எழுதுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இலங்கையில் வெள்ளைக்காரனின் கொடி இறங்க இரண்டு மாதமும் இல்லாத மார்கழி அது. நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், வியாழக்கிழமை வந்தது. மறுநாளும் கந்தோர் லீவு. சனிக்கிழமைக்கு அத்தான் தனியாக லீவு எடுத்தார். ஞாயிறும் சேர, நாலு நாள். அவர் துறைமுகத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு எந்த இடத்தில் நிற்கும் என்று எழுதுவதுதான் அவருடைய வேலை, வீட்டையும் அப்படித்தான் நடத்துவார். அந்த நாலு நாளுக்கும் நீளத் தாளில் ஒரு திட்டம் எழுதினார். கார்பன் வைத்து மூன்று பிரதி. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வாடகை வீடு. குசினிக் கதவில் ஒரு பிரதியை ஒட்டினார். வியாழன் பின்னேரம் நாலரைக்குக் கொட்டாஞ்சேனையில் பாலன் குடில் பார்த்தல். வெள்ளி காலை தெஹிவளையில் மிருகங்கள். சனி பின்னேரம் நாலு பத்திலிருந்து நாலு ஐம்பதுவரை காலிமுகத்திடலில் நடத்தல். ஞாயிறு காலை கப்பல். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் யார் யார் வருவது என்று எழுதியிருந்தது. விருந்தாளிகள் இருவர். பெண்கள் இருவர். யாருக்கும் பெயர் இல்லை.

அந்த விருந்தாளிகள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தாயும் மகனும். மகன் மலாயா ரயில்வேயில் வேலை. யப்பான்காரன் ஆண்ட காலம் முழுக்க அங்கேயே மாட்டுப்பட்டு, யுத்தம் முடிந்த பிறகு ஆறு மாத லீவில் ஊருக்கு வந்தவர். லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கப்பல் ஏறவேண்டும். அவருக்கு என்னைப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு அக்கா வீட்டில் இருந்தேன். சிக்கல் என்னவென்றால், மார்கழியில் எங்கள் ஆட்கள் கலியாணப் பேச்சே எடுக்கமாட்டார்கள். அந்த மாதத்தில் சாதகக் குறிப்பு மாற்றுவதில்லை, படம் கொடுப்பதில்லை, மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை. தைவரை பொறுக்கலாம் என்றால் கப்பல் பொறுக்காது. அதனால் இரு பகுதியும் சேர்ந்து ஒரு தந்திரம் செய்தன. அவர்கள் கொழும்புக்கு நத்தார் பார்க்க வருகிறார்கள், நாங்கள் ஊர் சுற்றிக் காட்டுகிறோம். அவ்வளவுதான். பெண் பார்ப்பது என்ற சொல்லோ பெண்ணின் பெயரோ யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. வந்தால் மார்கழியில் பேசியதாகிவிடும்.

எனக்கும் சொல்லவில்லை. அக்கா தன் கூறைக்கு அடுத்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்தபோதுதான் எனக்கு விளங்கியது.

“குடில் பாக்கப் போறதுக்கு ஏனக்கா இந்தச் சேலை?”

“கட்டெண்டால் கட்டன். கேள்வி கேட்டுக்கொண்டு நிக்காதை. அத்தான் நாலு மணிக்குக் கார் எண்டு எழுதியிருக்கிறார்.”

அக்காவுக்கு அப்போது மூன்றாவது பிள்ளை வயிற்றில், ஏழு மாதம். காரில் ஏறி இறங்கித் திரிய ஏலாது. நான் தனியாக அவர்களோடு போனால் அது பெண் பார்ப்பது என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஒரு துணை வேண்டும். அதற்குத்தான் “பெண்கள் இருவர்”. இரண்டாவது பெண், என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் இருந்த பாட்டு ரீச்சர். கொட்டாஞ்சேனைக்காரி, வேதக்காரப் பிள்ளை, என் வயது. கிழமைக்கு ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிடுவாள். நான் அத்தான் என்று கூப்பிடுவதைப் பார்த்து அவளும் அவரை அத்தான் என்றே கூப்பிடுவாள். குடில் பார்க்கப் போனதும் அவள் வீட்டுக்குத்தான். ஆனால் அன்றைக்கு அந்த வீடு நிறையச் சனம். அவளுடைய தாய் என்னைக் கண்டதும் ஒரு தட்டைக் கையில் தந்துவிட்டார். நானும் அவளும் சேர்ந்துதான் வந்தவர்களுக்கெல்லாம் கேக் கொடுத்தோம். வெளியிலிருந்து வந்த ஒருவர் பார்த்தால் யார் வீட்டுப் பிள்ளை, யார் விருந்தாளி என்று எப்படித் தெரியும்? அத்தான் அறிமுகம் செய்தார். அதையும் சொல்லவேண்டும். “இவை ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில படிப்பிக்கினம்,” என்றார். அவ்வளவுதான் அறிமுகம்.

அது திருவெம்பாவைக் காலமும்கூட. அந்தத் தாய் பத்து நாளும் மச்சம் மாமிசம் தொடாதவர். கேக் தட்டு அவர் முன்னால் போனபோது அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். நத்தார் அன்று வீடு தேடி வந்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதும் மரியாதை இல்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பாட்டு ரீச்சர் தட்டை இழுத்துக்கொண்டாள்.

“அம்மா, இதில முட்டை இருக்கு. நீங்கள் வாழைப்பழம் எடுங்கோ. நான் எங்கடை அம்மாவிட்டைச் சொல்லமாட்டன், நீங்கள் கேக் ரெண்டு துண்டு சாப்பிட்டீங்கள் எண்டுதான் சொல்லுவன்.”

அந்தத் தாய் வாய் பொத்திச் சிரித்தார். அப்படி ஒரு பெரியவர் சிரித்து நான் அதிகம் கண்டதில்லை. என்னிடம் யாராவது, அந்த அம்மாவுக்கு யாரைப் பிடித்தது என்று கேட்டால், இந்த இடத்தில் நான் பாட்டு ரீச்சர் என்றுதான் சொல்வேன்.

ஆனால் மறுநாள் தெஹிவளையில் நடந்தது வேறு. அந்தத் தாயின் மகன் நல்ல உயரம். வாடகைக் காரின் முன்சீட்டில் முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் வந்தார். குரங்குக் கூட்டுக்கு முன்னால் மற்றவர்கள் நிற்க, அவர் என் பக்கம் வந்து நின்று, என்ன படிப்பிக்கிறீர்கள் என்று கேட்டார். கணக்கு என்றேன். யப்பான்காரன் வந்த காலத்தில் ஸ்டேசனில் எண் எல்லாம் யப்பான் பாஷையில் சொல்லவேண்டி வந்ததாம். பிழையாகச் சொன்னால் கன்னத்தில் அறை.

“ஒருநாள் ஏழையும் எட்டையும் மாறிச் சொல்லிப்போட்டன். சரக்கு வண்டி போய் வேற தண்டவாளத்தில நிக்குது.”

“பிறகு?”

“பிறகென்ன, ரெண்டு கன்னத்திலயும். ஏழுக்கு ஒண்டு, எட்டுக்கு ஒண்டு.”

நான் சிரித்தேன். ஒன்றிலிருந்து பத்துவரை சொல்லச் சொன்னேன். விரல் மடக்கிச் சொன்னார். ஒரு ஆண்பிள்ளை பெருமை அடிக்காமல், தான் அடிவாங்கிய கதையை ஒரு பெண்ணிடம் சொல்வதை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். எனக்கு அவரைப் பிடித்தது. இதை இந்த வயதில் எழுத எனக்கு வெட்கமில்லை.

சனிக்கிழமை காலிமுகத்திடல். காற்று சேலையை இழுத்துக்கொண்டு போனது. அத்தானும் அந்தத் தாயும் முன்னால், மகன் நடுவில், நாங்கள் இருவரும் பின்னால். அத்தான் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு ஐம்பதுக்கு எல்லாரையும் நிறுத்தி, “சரி, திரும்புவம்,” என்றார். கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் பார்க்க வந்த சனம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. திரும்பும்போது அந்தத் தாய் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து, ஒரு கையை என் தோளிலும் மற்றக் கையை அவள் தோளிலும் வைத்து, “நல்ல பிள்ளை,” என்றார். ஒருமையில் சொன்னார். நான் அதை ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன். எந்தக் கையால் சொன்னார்?

ஞாயிறு அவர் கப்பல் ஏறினார். தை பிறந்தது, ஒரு செய்தியும் இல்லை. மாசியும் போனது. அக்கா ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல், “அது சரிவரேல்லைப் போல,” என்றாள். எது என்று நான் கேட்கவில்லை. கேட்டால், எனக்குத் தெரியும் என்றாகிவிடும். அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நிறமா, பல்லா, சிரித்ததா, யப்பான் எண் கேட்டதா என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று தேடினேன். அதற்குப் பிறகு மூன்று இடம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அத்தான் திட்டம் எழுதத் தாளை எடுத்தார். காட்சிப்பொருளாக என்னை இனி எங்கேயும் கொண்டுபோகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பிடிவாதக்காரி என்று பெயர் வந்தது. அக்காவின் நாலு பிள்ளைகளையும் நான்தான் வளர்த்தேன். அதில் எனக்குக் குறை இல்லை. அந்தப் பிள்ளைகளும் என்மேல் குறை சொல்லமாட்டார்கள்.

பதினெட்டு வருஷம் கழித்து, அக்காவின் மூத்தவளுடைய கலியாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு அத்தான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

“இவளை லேசுப்பட்டவள் எண்டு நினையாதையுங்கோ. மலாயாவில இருந்து ஒருத்தன் இவளைக் கேட்டுக் கடிதம் எழுதினவன்.”

என் கையில் சாம்பார் வாளி. அதைக் கீழே வைத்துவிட்டு, “எப்ப எழுதினவர்?” என்றேன். “அந்தத் தையிலதான். நான்தான் உனக்கு வேற இடத்தில கலியாணம் முற்றாச்சு எண்டு பதில் எழுதினனான். அவ்வளவு தூரம் உன்னை அனுப்ப எங்களுக்கு மனம் வருமே?” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்பான அத்தான் என்று நினைத்திருப்பார்கள்.

மறுகிழமை தனியாகப் பிடித்துக் கேட்டேன். கதை மாறிவிட்டது. “சீ, உன்னை இல்லை. அவன் கேட்டது பாட்டு ரீச்சரை. வேதக்காரப் பிள்ளை எண்டு எழுதினால் பெரியாக்களுக்குள்ள பிரச்சினை வரும் எண்டுதான் முற்றாச்சு எண்டு எழுதினன்.” அப்படியென்றால் கலியாண வீட்டில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன். “உன்னைச் சந்தோஷப்படுத்த,” என்றார். கடிதம் எங்கே என்றேன். எறிந்தாகிவிட்டது. என்ன எழுதியிருந்தது என்றேன். அதை மட்டும் கிளாக்கர் மாதிரி மறக்காமல் சொன்னார்: அன்று கண்ட பிள்ளையை எங்கள் இருவருக்கும் பிடித்திருக்கிறது, உங்கள் முடிவை எழுதவும். பெயர் இல்லை. பெயர் எப்படி இருக்கும்? அவர்களுக்கு நாங்கள் பெயர் சொல்லவே இல்லையே.

பாட்டு ரீச்சரிடமும் போனேன். அவள் கொட்டாஞ்சேனையிலேயே கலியாணம் முடித்து மூன்று பிள்ளைகளோடு இருந்தாள். “ஆர், அந்த முழங்கால் நீண்ட மனிசனோ? அவர் உன்னைத்தானே பாத்துக்கொண்டு வந்தவர்,” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “எண்டுதான் நான் நினைச்சனான். இப்ப நீ கேக்க எனக்கும் வடிவாத் தெரியேல்லை,” என்றாள். அவளும் ஐந்து வருஷத்துக்கு முன் கண்மூடிவிட்டாள்.

போன வருஷம் அத்தான் மூன்றாவது கதை சொன்னார். நான் கேட்காமல் அவராகவே சொன்னார். சாய்மனைக் கதிரையில் கிடந்துகொண்டு, “உண்மையில எனக்கு விளங்கேல்லை, பிள்ளை. ஆரைக் கேக்கிறான் எண்டு தெரியாமல்தான் ரெண்டு பேருக்கும் பொருந்திற மாதிரிப் பதில் எழுதினன்,” என்றார். இதைத்தான் நான் நம்புகிறேனா? ஒருநாள் நம்புகிறேன். மறுநாள், அக்காவுக்கு மூன்றாவது பிள்ளை பிறக்க இருந்த வீட்டில் நான் தேவைப்பட்டேன், அதனால் தெரிந்தே எழுதினார் என்று நினைக்கிறேன். அதற்கடுத்த நாள், என்னைப் பிள்ளை மாதிரிப் பார்த்த மனிதரைப் பற்றி இப்படி நினைக்கிறேனே என்று என்மேலேயே கோபம் வருகிறது. யாரைக் கேட்டீர்கள் என்று இரண்டு வரி திருப்பி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அப்போது தை பிறந்துவிட்டது. பெயரைச் சொல்ல மாதம் தடையில்லை. மலாயாக்காரர் என்னைக் கேட்கவில்லை என்றால் எனக்கு ஒரு நாள் அழுகை, அதோடு சரி. அவர் என்னைக் கேட்டிருந்தால், நான் ஓம் என்றிருப்பேன். மலாயாவில் சந்தோஷமாக இருந்திருப்பேன் என்று சொல்லவில்லை. எனக்குப் பிடித்த மனிதருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பதினெட்டு வருஷம் இருந்தேனே, அது வேண்டியிருக்காது.

அத்தானுக்கு வரும் மாதம் எண்பது. பிள்ளைகள் மண்டபம் எடுத்திருக்கிறார்கள், சிறப்பு மலர் ஒன்றும் அச்சடிக்கிறார்கள். சித்தி, நீங்கள் அப்பாவைப் பற்றி ஒரு நினைவு எழுதுங்கள் என்று கேட்டார்கள். இதுதான் என் நினைவு. ஒரு சொல்லும் வெட்டாமல் போடவேண்டும். அத்தான், மாலை போட்டபின் உங்களிடம் ஒலிவாங்கியைத் தருவார்கள். எல்லாருக்கும் நன்றி சொல்லுங்கள். பிறகு அந்தச் சனத்துக்கு முன்னால், என் பக்கம் பார்த்து, ஒரே ஒரு பதில் சொல்லுங்கள். கடிதத்தைப் படித்துவிட்டுப் பேனையை எடுத்தபோது உங்கள் மனதில் இருந்தது எங்கள் இருவரில் யார்? இந்த முறை பெயரோடு சொல்லுங்கள்.