அம்மாவின் முதுகு

மகளின் கிரேயான் டப்பாவைத் திறந்ததும் எழுந்த மெழுகு வாசனை, குன்னூரில் நான் படித்த எஸ்டேட் பள்ளிக்கு என்னை இழுத்துப்போனது.

மூன்றாம் வகுப்பில் அம்மாவை வரையச் சொன்னார்கள். காலையில் தேயிலை பறிக்க மேடேறும் அம்மாவின் முதுகையும் கூடையையும்தான் தினமும் பார்ப்பேன். அதையே வரைந்தேன்.

"முகம் எங்க புள்ள?" என்று டீச்சர் கிழித்துப்போட்டார். போர்டில் அவர் வரைந்திருந்த, பூ வைத்த பெண்ணைப் பார்த்து வரைந்து 'குட்' வாங்கினேன்.

சாயங்காலம் அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். "யாரு கண்ணு இது, உங்க டீச்சரா?"

இன்று வீட்டுப்பாடத்துக்கு மகள் என்னை வரைந்திருக்கிறாள். அடுப்புப் பக்கம் திரும்பிய முதுகு.

"முகம் போடு சாமி. மிஸ் மார்க்கைக் குறைச்சிருவாங்க."

"அப்ப இந்தப் பக்கம் திரும்பி நில்லும்மா."

பால் பொங்கி வந்தது. அடுப்புக்கு ஓடியபடியே, "மிஸ் போர்டுல ஒரு அம்மா போட்டிருப்பாங்கல்ல, அதே மாதிரி வரை" என்றேன்.