அம்மா கையளவு அரிசி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் எங்கள் அம்மா கையால் சாப்பிட்டிருப்பீர்கள். அம்மா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. இன்னும் விடியற்காலையில், பாதித் தூக்கத்தில், கலயத்துக்குள் அரிசி விழும் சத்தம் எனக்குக் கேட்கிறது. கண் திறந்தால் நின்றுவிடும் என்று திறக்காமல் படுத்திருப்பேன்.

அம்மா பிறந்தது ஸ்ரீவைகுண்டம் பக்கம், ஆற்றங்கரையில். வாழைத் தோட்டத்தில் கூலிவேலை செய்த குடும்பம். பாளையங்கோட்டைக்கு அருகே அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, பீடி சுற்றி எங்களைப் படிக்கவைத்தார்கள். பெரிய ஜெபக்காரி என்று சொல்லமாட்டேன். குடும்ப ஜெபத்தை அப்பா கொஞ்சம் நீட்டினால் அம்மா முழங்காலிலேயே தூங்கிவிடுவார்கள். ஆனால் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று கலயத்தில் போடாமல் சமைத்ததில்லை. சனிக்கிழமைதோறும், கோயிலில் மணியடித்துப் பெருக்கும் கோயில்பிள்ளையின் மனைவி சாக்கோடு வந்து அதை வாங்கிப்போவார்கள்.

"நீ போடுத பிடியிலதான் கோயில் நடக்கோ?" என்று அப்பா கேலி செய்வார்கள். அம்மா காதில் போட்டுக்கொள்வதில்லை.

எனக்குப் பதிமூன்று வயதானபோது தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். மூன்றே நாள் காய்ச்சல். அடக்கம் முடிந்த மறுநாள் அம்மா கலயத்தைக் கவிழ்த்து வைத்தார்கள்.

"எம்புள்ளையவே எடுத்துக்கிட்டாரு. இனி அவருக்கு அரிசி எதுக்கு?"

கோயிலுக்கும் வரவில்லை. தம்பியோடு அம்மாவையும் இழந்துவிடுவேனோ என்று பயந்துபோனேன். அந்தப் பயத்தில்தான் கலயத்தை நிமிர்த்தி, அம்மா புடைப்பதற்காகச் சுளகில் அளந்துவைத்த அரிசியிலிருந்து தினமும் ஒரு பிடியைத் திருடிப் போட ஆரம்பித்தேன். நிமிர்ந்த கலயத்தை அம்மா பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாட்களில் சோறு குறைந்தது. அம்மா தன் தட்டில் குறைத்துக்கொண்டார்கள்.

சில நாள் கழித்துக் கதவோரம் நின்று பார்த்தேன். வழக்கமான இரண்டு உழக்கை அளந்த அம்மா, கொஞ்ச நேரம் சும்மா நின்றார்கள். பிறகு ஒரு பிடியை அதிகமாகச் சுளகில் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்கள். நான் எடுப்பதற்காக.

மாதக்கணக்கில் இப்படியே நடந்தது. ஆவிக்குரிய வளர்ச்சி என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் கொல்லைக்குப் போகும் அம்மாவின் முதுகுதான் எனக்குத் தெரிகிறது. கோபம் தீர்ந்த பிறகு அம்மா கொடுத்ததல்ல அது. கோபத்தோடேயே, ஒவ்வொரு காலையும் போடுவதா வேண்டாமா என்று நின்று யோசித்துத்தான் போட்டார்கள்.

ஒரு மார்கழிக் காலை, ஆற்றுப்பக்கமிருந்து வந்த பனி ஜன்னலில் நின்றது. நான் நேரம் தவறித் தூங்கிவிட்டேன். கலயத்தில் அரிசி விழும் சத்தம் கேட்டது. கனவு என்றே நினைத்தேன்.

"எந்திக்காண்டாம், படுட்டி. இன்னைக்கு நானே போட்டுட்டேன்."

அடுத்த ஞாயிறு அம்மா எங்களோடு கோயிலுக்கு வந்தார்கள்.

கடைசி இரண்டு வருடம் அம்மாவுக்கு வலது கை வாதத்தில் விழுந்துவிட்டது. இடது கையால் போட்டார்கள்; பாதி தரையில் சிந்தும். சிந்தியதைப் பொறுக்கிப் போடச் சொல்லி என்னைப் பாடாய்ப் படுத்துவார்கள்.

அம்மாவைத் தூக்கி எடுத்துப் பார்த்த செவிலியர்களுக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த எங்கள் சபைப் போதகரான ஐயர் அவர்களுக்கும், சபையாருக்கும், அடக்கம் முடிந்த வாரம் முழுவதும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த சித்திக்கும் நாங்கள் என்றும் நன்றியுள்ளவர்கள்.

ஞாயிறு மாலை அம்மாவை அடக்கம் செய்தோம். அந்த வாரம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சனிக்கிழமை சாக்கோடு வந்தவரிடம், "இந்த வாரம் ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிக்கொண்டே கலயத்தைத் திறந்தேன். உள்ளே அரிசி இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். கேலி செய்த அப்பாதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

"உல வைக்கலன்னாலும் அவ பிடி நிக்கக் கூடாதுல்லா," என்றார்கள். பிறகு தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு, "எங்கை பெருசு. அவ கையளவுக்குப் பாத்துப் பாத்துத்தான் போட்டேன். சரியா இருக்கா பாரும்மா."