உள்ளங்கை மஞ்சள்

பிழைக்காது என்று துணியில் சுற்றி மூலையில் கிடத்திய குழந்தை, பிழைத்தாள். அம்மை கண்டபோது கண் போய்விடும் என்றார்கள், போகவில்லை. அப்பா படுக்கையில் விழுந்ததும், பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருத்தி வேண்டும் என்று அவளைப் பள்ளிக்கூடத்து வாசலே மிதிக்கவிடவில்லை. ஓர் எழுத்தும் தெரியாமல், மாத்திரைகளை நிறத்தாலும் வடிவத்தாலும் அடையாளம் வைத்து ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்தாள். கட்டியவன் கைநீட்டிய அன்றே பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவன் வந்து அழுதபோதும் போகவில்லை. பழச்சாறுக் கடையில் மேஜை துடைக்கப் போனவள், கத்தியும் எந்திரமும் தன் கைக்கு வரும்படி உழைத்தாள். அவள் என் தங்கை.

முகம் கழுவியதும் எல்லோரும் கண்ணாடியைத் தேடுவார்கள். இவள் இப்போதெல்லாம் ஜன்னலுக்குப் போய் இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று, உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பாள். "ம்... நம்ம கலர்தான்" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு அடுப்புக்குப் போவாள். இந்தச் சோதனை முடியாமல் ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே இறங்காது.

அந்தப் பழச்சாறுக் கடை தோல் மருத்துவமனைக்கு எதிரே இருந்தது. மருத்துவரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நேராகச் சாலையைக் கடந்து இங்கே வருவார்கள். 'முகம் மினுங்கும்' என்று கண்ணாடிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதிகம் ஓடியது கேரட் சாறு.

தங்கை தோல் சீவுவதைப் பார்க்க வேண்டும். கத்தி அசையாது, கேரட்தான் சுழலும். வாங்கும்போது ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்ப்பாள். "டொக்குன்னு உடையணும். வளைஞ்சு குடுத்தா அது கெழவி" என்று ஒதுக்கிவிடுவாள். "ஒரு மாசம் குடிச்சா கலர் வருமாம்மா?" என்று வாடிக்கைப் பெண்கள் கேட்பார்கள். "வரும். எந்தக் கலர்னுதான் சொல்ல முடியாது" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அப்போது அது வெறும் வேடிக்கை.

மத்தியானச் சாப்பாடு கடையிலேயே என்பது வேலைக்குச் சேரும்போது பேசிய பேச்சு. எது சாப்பாடு என்று இவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எந்திரத்தின் முன்வாயில் சாறு விழும். பின்வாயில் சக்கை விழும். முதலாளியம்மா அந்தச் சக்கையை ஒரு கிண்ணத்தில் தள்ளி, "இதுல இல்லாத சத்தா? ஊரே காசு குடுத்துக் குடிக்குது. நீ சும்மா சாப்பிடறே" என்றார். தங்கை உப்பும் எலுமிச்சையும் பிழிந்து நின்றபடியே தின்றாள். மீந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெயில் வதக்கி இரவும் அதையே தின்றாள். நான் முட்டையை அவள் தட்டில் வைத்தால், அது நான் திரும்புவதற்குள் என் பிள்ளைகளின் தட்டுக்குப் போயிருக்கும்.

"வளர்ற புள்ளைங்கக்கா. எனக்கென்ன, இனிமேலா ஒசரப் போறேன்?"

சில மாதங்களில் அவள் முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்தது. கறுத்த முகத்தின்மேல் மெல்லிய பொன் பூச்சு போல. எனக்கே ஆச்சரியம்தான். வாடிக்கைப் பெண்கள் 'தங்கச்சிலை' என்று பெயர் வைத்தார்கள். முதலாளியம்மா ஒரு புகைப்படக்காரரை வரவழைத்து, கையில் சாறுக் கோப்பையோடு அவளை நிறுத்திப் படம் எடுத்துக் கடை முகப்பில் மாட்டினார். "அகத்தின் அழகு முகத்துலயாம்! எனக்கு வயித்துல இருக்கறது முகத்துல தெரியுது" என்று தங்கை படத்துக்குக் கீழே நின்று சிரித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது கடை திறக்கும் பேச்சு வந்தது. "அதை நீதான் பாத்துக்கணும். ஆனா சரக்கு வந்தா கையெழுத்துப் போடணும், கைநாட்டு ஆகாது" என்றார் முதலாளியம்மா. தங்கை அன்று வீட்டுக்குள் நுழைந்தவுடனே, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அக்கா, என் பேரு எப்படி இருக்கும்? எழுதிக் காட்டு" என்றாள்.

எழுதிக் காட்டினேன். முதலில் பார்த்துவிட்டு, "இவ்வளவு நீளமா?" என்றாள். கடை மேஜையில் சாறு சிந்தினால் துடைப்பதற்கு முன் அதில் விரலால் எழுதிப் பார்ப்பாள். வீட்டில் மாவிலும் எழுதுவாள், நீராவி படிந்த மூடியிலும் எழுதுவாள். தாளில் மட்டும் எழுதவில்லை. "தாள்ல போடறது கடைச் சாவி கைக்கு வந்தப்புறம்தான். அதுவரைக்கும் எல்லாம் ஒத்திகை" என்பாள்.

பொன் நிறம் நிற்கவில்லை; ஏறிக்கொண்டே போனது. மூக்கின் இரு மடிப்பிலும் மஞ்சள் தேங்கியது. உள்ளங்கை, மஞ்சளில் முக்கி எடுத்ததுபோல் ஆனது. அந்தக் கையால் கோப்பையை நீட்டியபோது ஒரு பெண் வாங்காமல் பின்வாங்கினாள். "இவளுக்குக் காமாலை போலிருக்கே" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அடுத்த வாரமே கூட்டம் பாதியானது. தங்கச்சிலை, காமாலைக்காரி ஆனாள்.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்ம்பாங்க. இங்க அவங்க கண்ணெல்லாம் நல்லாத்தாங்கா இருக்கு. நான்தான் மஞ்சள்" என்றாள் என்னிடம். சொல்லும்போது உதட்டோரப் புண் விரிந்து ரத்தம் கசிந்தது.

பொது மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு? காமாலைன்னா இங்கயும் மஞ்சளாகியிருக்கும். என்னம்மா சாப்பிடறே?"

"கேரட்டு."

"வேற?"

"கேரட்டுதான்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, காமாலை இல்லை என்று உறுதியாகச் சொன்னார். "கேரட்டோட நிறம் தோல்ல படிஞ்சிருக்கு. நிறுத்தினா சில மாசத்துல தானாப் போயிடும். அது பெரிய விஷயமில்லை. உதட்டோரம் வெடிச்சிருக்கு, நகம் வெளுத்திருக்கு, முடி கொட்டுது. அதுதான் கவலை. பருப்பு, முட்டை, கீரைன்னு ஒழுங்கா சாப்பிடும்மா." ஊரே ஆசைப்பட்ட அந்த மினுமினுப்புக்கு அடியில் இருந்தது பட்டினி.

மறுநாள் இருவரும் கடைக்குப் போய் மருத்துவர் சொன்னதைச் சொன்னோம். காமாலை இல்லை என்றதும் முதலாளியம்மா நிம்மதி அடைவார் என்று நினைத்தோம். மாறாக, அவர் முகம்தான் வெளிறியது. "கேரட்டு தின்னா இப்படி ஆகும்னு வெளிய தெரிஞ்சா யாரு குடிக்க வருவா? காமாலைன்னா உன்னோட போயிடும்" என்றார்.

அவர் சொன்னதுபோலவே காமாலை இவளோடுதான் வந்தது. அதன்பிறகு வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அந்தப் பேச்சு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. இப்போது ஒரு விடுதியின் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அங்கே அவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நிறம் இறங்கிவிட்டது. முட்டையை என் கண் எதிரிலேயே தின்ன வைக்கிறேன். உதட்டோரம் ஆறிவிட்டது. இரண்டாவது கடை திறந்துவிட்டார்கள். அதன் முகப்பிலும் அந்தப் பழைய படத்தில் என் தங்கை கோப்பையோடு பொன்னாக நிற்கிறாள். அந்தத் தெருவுக்குள் அவள் நுழைவதில்லை.

மருத்துவர் சொன்னதைச் சொல்லப் போன அன்று, முதலாளியம்மா ஒரு தாளை எடுத்து எங்கள் முன் வைத்தார். கேட்கிற வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டுவதற்காம். நான் சத்தமாகப் படித்தேன்: 'மஞ்சள் காமாலையை மறைத்து வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது விலகுகிறேன்.'

"அக்கா, அந்தக் காமாலைய அடி" என்றாள் தங்கை. "கடையில சக்கை தின்னேன்னு எழுது."

அடித்தேன். எழுதினேன்.

"இதை நான் யாருகிட்டடி காட்டறது?" என்று கத்தினார் முதலாளியம்மா.

"யாருகிட்டயும் காட்ட வேணாம். நீங்களே வச்சுக்கோங்க."

"வாய் மட்டும் கொழுத்துப் போயிருக்கு. சரி, கைநாட்டை வச்சிட்டுக் கெளம்பு" என்று மைப்பெட்டியைத் திறந்து தள்ளினார். தங்கை அதன் மூடியை அழுத்தி மூடி, அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். சாவிக்காக ஒத்திகை பார்த்த பெயரை, அவசரப்படாமல், ஒரு சுழியும் விடாமல் எழுதினாள். எழுதி முடித்ததும், மை படாத கட்டைவிரலை முந்தானையில் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். அன்று நவம்பர் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை.