மடங்கிய கத்தி

ஊர்காவற்றுறையில் படகு எஞ்சின் திருத்துவது என் தொழில். குறடு, திருப்புளி, கத்தி எல்லாம் மடிந்து கைக்குள் அடங்கும் கருவியொன்றை எப்போதும் காற்சட்டைப் பையில் வைத்திருந்தேன். வாங்கும்போது, விரித்த கத்தி மடங்காமல் பூட்டிக்கொள்ளுமா என்று பார்க்கவில்லை.

ஒருநாள் காலை, மீன்பிடிக்கும் யூட் அண்ணை சத்தம் போட்டபடி என் கடைக்கு வந்தார்.

"நீ திருத்தின எஞ்சின் நடுக்கடலிலை நிண்டுபோச்சு. நாலு பேரைச் சாகடிக்கப் பாத்தனியே?"

"எண்ணெயிலை தண்ணி கலந்தால் நான் என்னண்ணை செய்யிறது?" என்றேன்.

கன்னத்தில் அறை விழுந்தது. அடுத்த அடியில் உதடு கிழிந்தது. கழுத்தை நெரித்து என்னைச் சுவரோடு மோதினார். மூச்சு முட்டியது. பைக்குள் இருந்ததை எடுத்து விரித்தேன். அவருடைய வயிற்றைப் பார்த்துத்தான் குத்தினேன்.

அவர் இடுப்பில் சாரத்தின் மேல் கட்டியிருந்த பட்டியின் இரும்பு வளையத்தில் பட்டு, கத்தி என் விரல்கள் மேலேயே மடங்கியது. இரண்டு விரல்கள் எலும்புவரை வெட்டுப்பட்டன. நிலமெல்லாம் என் இரத்தம்.

அவர் கத்தியைப் பார்த்தார். தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு சேர்ட்டைக் கழற்றி என் கையைச் சுற்றினார்.

"இறுக்கிப் பிடி. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

நடுவிரல் இன்றும் முழுதாக மடங்காது. பூட்டுள்ள கத்தியாக வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். அன்று அது பூட்டியிருந்தால் நான் இப்போது சிறையில் இருப்பேன். இன்று என் பையில் இருப்பது கத்தியே இல்லாத கருவி. கயிறு வெட்டவேண்டுமென்றால் கடையின் பின்பக்கம் போய், பெட்டியைத் திறந்துதான் கத்தியை எடுக்கிறேன். எந்தக் கோபமும் அவ்வளவு தூரம் நடப்பதற்குள் ஆறிவிடும் என்று நம்புகிறேன்.