ஒத்தக்கை முக்கு

பெரிய ரோட்டிலிருந்து ஒரு தெரு பிரியும் அந்த இடத்துக்கு முன்பு பெயரே கிடையாது. மாவு மில்காரியின் வலது கை பெல்ட்டில் சிக்கி முழங்கையோடு போன பிறகுதான் வந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே வைத்துவிட்டார்கள். வீடு திரும்பிய அன்று ஷேர் ஆட்டோக்காரன் வண்டியை நிறுத்தி, "ஒத்தக்கை முக்கு எறங்குறவங்க எறங்குங்க" என்று குரல் கொடுத்தான். பின்சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

புருஷன் முதலில் சண்டைக்குப் போனான். கொஞ்ச நாளில் அவனே போனில் அந்தப் பெயரைச் சொல்லி வழி சொன்னான். எல்லாருக்கும் அதுதானே தெரிகிறது, நான் என்ன பண்ண என்றான். அதன்பின் அவள் அவனுக்குச் சோறு மட்டும் போட்டாள். முகம் கொடுத்துப் பேசவில்லை.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் மில் வாசலில் காரை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியை இறக்கி, ஒத்தக்கை முக்கு இதுதானா என்று கேட்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இதுதான், உள்ளே வாங்க என்றாள் மில்காரி.

கல்யாணம் நடந்தது. அன்று காலை மகள்தான் வந்து சொன்னாள்.

"அம்மா, நீ மேடைக்கு வர வேணாம். போட்டோல நல்லா இருக்காதுன்னு அவங்க சொல்றாங்க."

"நீ என்ன சொல்ற?"

மகள் குனிந்து புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

புருஷன் போய்ச் சேர்ந்தான். மகள் வருவது நின்றது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் எழும்பி, பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். மில்காரி மட்டும் தோளில் துண்டைத் தொங்கவிட்டு, இடது கையாலேயே அரைத்துக்கொண்டிருந்தாள்.

புதிதாகக் குடிவந்த வாத்தியார் ஒருநாள் மாவுக்குக் காத்திருக்கும்போது, கூட வந்த நண்பருக்கு அந்த முக்கின் பெயருக்கு விளக்கம் சொன்னார். ரோடு ஒரு பக்கம்தான் பிரிகிறது, ஒற்றைக் கை நீட்டினாற்போல. அதனால்தான் இந்தப் பெயராம்.

மில்காரி மெஷினை நிறுத்தினாள்.

"அதெல்லாம் இல்ல சார். என் கையாலதான் அந்தப் பேரு."

துண்டை விலக்கி, யாருக்கும் காட்டாத கையைக் காட்டினாள். வாத்தியார் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ஓ, அப்படியும் ஒரு கதை சொல்றாங்களா?" என்று நண்பரைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு, மாவு இன்னும் கொஞ்சம் நைசாக வேண்டும் என்றார்.