கடலுக்குள்ள ரயிலு போன ராத்திரி

போடி ஜீப் ஸ்டாண்டில் ஜெபமணி டீக்கடைக்கு ஜூன் ஒண்ணாந்தேதி மட்டும் லீவு. தீபாவளிக்குக் கடை உண்டு. கிறிஸ்துமஸுக்குக்கூட சர்ச்சுக்குப் போயிட்டு வந்து பாய்லரைப் பத்த வச்சிருவார். ஜூன் ஒண்ணு? ஊஹூம். முந்தின நாள் சாயங்காலமே ஷட்டரை இறக்கிப் பூட்டிட்டு மனுசன் மாமியார் ஊருக்கு ஓடிருவார்.

காரணம் அவரு தனக்குத் தானே வெட்டிக்கிட்ட குழி. கடை வாசல்ல ஒரு கரும்பலகை மாட்டி வச்சிருக்கார். அன்னைக்குத் தேதியில உலகத்துல என்னென்ன நடந்திருக்கு, எந்தெந்தப் பெரிய மனுசங்க பொறந்திருக்காங்கன்னு தினமும் விடியக்காலையில சாக்பீஸால எழுதிப் போடுவார். அதைப் படிக்க நாலு பேர் நிப்பாங்க, நின்னா டீ குடிப்பாங்க. அத்தோட விட்டிருந்தா வம்பில்ல. கடைசி வரியில 'நம்ம ஸ்டாண்டில் இன்று பிறந்தவர்'னு ஒரு ஆளைப் போட்டு, அந்த ஆளுக்கு டீயும் வடையும் ஓசின்னு அறிவிச்சுப்புட்டார். வந்துச்சே ஜூன் ஒண்ணு! ஏலக்காட்டுக்கு ஜீப்பு ஏறுற சனத்துல முக்காவாசிப் பேர் ஆதார் கார்டைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிது. அம்புட்டுப் பேரும் ஜூன் ஒண்ணு!

பின்ன எப்படி இருக்கும்? எஸ்டேட்டுப் பள்ளிக்கூடத்துல புள்ளையைச் சேக்கப் போனா வாத்தியார் சர்ட்டிபிகேட்டா கேட்டார்? வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதைத் தொடச் சொல்லுவார். விரலு காதுல பட்டா அஞ்சு வயசு ஆச்சு. பள்ளிக்கூடம் தொறக்கிற மாசம் ஜூனு, அதனால பொறந்த தேதியும் ஜூன் ஒண்ணு. சோலி முடிஞ்சது.

அந்தக் கூட்டத்துல சேராத ஒரே ஆளு சுப்புத்தாய். பள்ளிக்கூடத்துல பேரு சேத்ததோட சரி, ஒரு எழுத்தும் படிக்காதவள்; அவள் கார்டுலயும் அதே ஜூன் ஒண்ணுதான். ஆனா முதல் வருசம் ஜெபமணி டீயை நீட்டினப்போ வாங்க மாட்டேன்னுட்டாள்.

"அது வாத்தியார் பெத்த தேதி, தம்பி. எங்காத்தா பெத்த தேதி வேற."

"அது என்னைக்குக்கா?"

சுப்புத்தாய் ஜீப்புல ஏறி உக்காந்துட்டாள். வாயாடி அவள். ஏலக்காய் எடுக்கிற இடத்துல அவள் பேச்சு நின்னா, அட்டை கடிச்சிருச்சோன்னு திரும்பிப் பாப்பாங்க. அப்பேர்ப்பட்டவள் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாயைத் தைச்சுக்கிருவாள். வலி அப்படி.

அவளோட ஆத்தா மொக்கம்மாள், போடிமெட்டுக்கு அங்கிட்டு ஒரு ஏலக்காட்டுல, கூலிச்சனத்தோட வரிசை வீட்டு லயத்துல இருந்தவ. கல்யாணமாகி ரொம்ப வருசம் வயித்துல புழு பூச்சி தங்கல. மலடின்னு சொல்லாத வாயில்ல. அப்புறம் ஒரு மார்கழி மாசம் பெருமழை. புருசன் தவசம் தானியம் வாங்க போடிக்கு இறங்குனவன் பாதை அடைச்சு மாட்டிக்கிட்டான். அக்கம்பக்கத்து லயத்துல கூரை பிச்சுக்கிட்டுப் போனதுல சனமெல்லாம் ஸ்டோர் கட்டடத்துக்கு ஓடிருச்சு. மொக்கம்மாளால ஓட முடியல, வலி எடுத்திருச்சு. மறுநாள் காலையில சனம் திரும்பி வந்தா, அவள் மடியில ஒரு பொம்பளப் புள்ள கெடக்கு.

பாத்தவங்க யாரும் இல்ல. மருத்துவச்சி இல்ல. ஒரு சொம்பு வெந்நி வச்சுக் குடுத்தவ இல்ல. ஊரு சும்மா இருக்குமா? ஏழு மாசத்துக்கு மேல வயிறு இருந்ததைப் பாத்தவளுகளே, "துணியைக் கட்டிக்கிட்டு இருந்திருப்பா, யாருக்குத் தெரியும்?"னு பேசினாளுக. "தவுட்டுக்கு வாங்குன புள்ள"ன்னு சுப்புத்தாய்க்கு ஒரு பேரும் வச்சாளுக. எல்லா வீட்டுலயும் புள்ளைகளை விளையாட்டுக்குச் சொல்றதுதான். சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க, புள்ளையும் சிணுங்கிட்டு மறந்துரும். இவகிட்ட சொன்னவங்க சிரிக்கல.

சின்னப் புள்ளையா இருந்தப்போ சுப்புத்தாய் ஆத்தாகிட்ட ஓடிவந்து கேப்பாள், "யாத்தா, நான் என்னைக்குப் பொறந்தேன்?"

மொக்கம்மாளுக்குத் தேதி தெரியாது, கிழமை தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். "கடலுக்குள்ள ரயிலு போன ராத்திரிடி நீ பொறந்தது. கைகாட்டி இறங்கலையாம். இருட்டுக்குள்ள டிரைவரு நீளமா ஒரு விசில் ஊதிட்டு வண்டியை விட்டாராம். பனை உசரத்துக்கு அலை வந்து அம்புட்டையும் இழுத்துக்கிருச்சாம். நீ எனக்குக் கெடச்ச ராத்திரி, யாரு யாரு பெத்த புள்ளைகளோ போச்சுடி." சொல்லி முடிச்சிட்டு முந்தானையால கண்ணைத் துடைப்பாள். எப்பச் சொன்னாலும் துடைப்பாள்.

இங்கதான் மலைச்சனத்தோட கூத்து. அவங்களுக்கு ரயிலுன்னா உலகத்துலயே ஒண்ணுதான், போடி ரயிலு. மேட்டுல இருந்து பாத்தா கீழ புகை விட்டுக்கிட்டு ஊர்ந்து வருமே, அது. அதைத் தவிர இன்னொரு ரயிலு இருக்குன்னு நெனைக்க அவங்களுக்கு ஏது தேவை? சுப்புத்தாய்க்கும் அப்படித்தான். மொத தடவை போடிக்கு வந்தப்போ ஸ்டேஷன்ல நின்ன வண்டியைப் பாத்து, மூட்டை தூக்குற ஆளுகிட்ட கேட்டாள், "மாமா, இந்த ரயிலு கடலுக்குள்ள போச்சாமே, எப்பிடி வெளிய வந்துச்சு?"

பிளாட்பாரமே சிரிச்சது. "அடியாத்தே! மதுரைக்குப் போறதுக்கே மூச்சு வாங்குற வண்டி, இதுவாடி கடலுக்குப் போகும்?"

அந்தச் சிரிப்பு மலை ஏறி லயத்துக்கும் வந்துருச்சு. அன்னையிலேருந்து மொக்கம்மாளுக்கு 'ரயிலு மொக்கம்மா'ன்னு பேரு. புள்ளையைத் தவுட்டுக்கு வாங்குனதை மறைக்கத்தான் இப்படி ஒரு புளுகுன்னு ஊரு தீர்ப்புச் சொல்லிருச்சு. சுப்புத்தாய் அதுக்கப்புறம் ஆத்தாகிட்ட அந்தக் கேள்வியைக் கேக்கவே இல்ல. ஆத்தா மடியில படுத்திருக்கையில மட்டும், இது நெசமாவே என் ஆத்தா மடிதானான்னு ஒரு முள்ளு குத்தும். அவ்வளவு பாசமா வளத்தவளைப் போய் அப்படிக் கேக்க வாய் வருமா?

தனுஷ்கோடின்னு ஒரு ஊரைப் புயல் தின்ன கதை அவள் காதுல விழாமலா இருந்திருக்கும்? விழுந்திருக்கும். ஆனா ஆத்தா சொன்ன கதையில தனுஷ்கோடிங்கிற பேரே கிடையாது. ரெண்டையும் முடிச்சுப் போட ஆளும் கிடையாது. மொக்கம்மாள் போய்ச் சேந்தாள். சுப்புத்தாய் போடிக்குப் பக்கத்துல ராசிங்காபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்தாள், புருசனைப் பறிகொடுத்தாள், மகள் சுஜாதாவைக் கட்டிக்கொடுத்தாள். திரும்பவும் தினம் அதே மலைக்கு ஜீப்புல ஏறி, செடி மூட்டுல குந்தி, தரையில படர்ந்த சரத்துல முத்தின காயாப் பாத்துப் பாத்துக் கிள்ளினாள். முள்ளு மட்டும் உள்ளேயே இருந்துச்சு.

போன மார்கழியில ஒரு நாள். நல்ல பனி. வாயைத் தொறந்தா புகை வருது. ஜீப்பு டிரைவர் விஜயபாண்டி, "வெரசா ஏறுங்க, வெரசா ஏறுங்க"ன்னு கத்திக்கிட்டு இருக்கான். கூட வேலைக்கு வர்ற முனீஸ்வரி எட்டாவது வரைக்கும் படிச்சவ. அவளுக்கு ரேடியோவுல செய்தி வாசிக்கிறதா நெனப்பு. தினமும் பலகைக்கு முன்னால நின்னு தொண்டையைச் செருமிக்கிட்டு எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிப்பாள்.

"டிசம்பர் இருபத்திரண்டு! ஆயிரத்து எண்ணூத்து அம்பத்தொண்ணு, நம்ம நாட்டில் முதல் சரக்கு ரயில் ரூர்க்கியில் ஓடியது. ஆயிரத்து எண்ணூத்து எம்பத்தேழு, கணிதமேதை ராமானுஜன் ஈரோட்டில் பிறந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தி நாலு, தனுஷ்கோடியைப் புயல் தாக்கிய இரவு. பாம்பனிலிருந்து வந்த ரயில் கடலில் மூழ்கியது."

சுப்புத்தாய் ஜீப்புல ஒரு காலை வச்சிருந்தாள். அந்தக் காலைக் கீழ இறக்கினாள்.

"என்னடி வாசிச்ச? கடைசியா வாசிச்சியே, அது."

"ரயில் கடலில் மூழ்கியது."

"எந்த ரயிலு?"

"பாம்பன் ரயிலுக்கா. ராமேஸ்வரம் பக்கம்."

"போடி ரயிலு இல்லையா?"

விஜயபாண்டி ஸ்டியரிங்ல தட்டித் தட்டிச் சிரிச்சான். "பெரியம்மா, காலங்காத்தால காமெடி பண்ணாதீங்க. போடியில ஏது கடலு?"

சுப்புத்தாய் சிரிக்கல. விறுவிறுன்னு கடை வாசலுக்குப் போனாள். ஜெபமணி டீயை ஆத்திக்கிட்டு இருந்தவர் அவள் மூஞ்சியைப் பாத்துட்டுக் கிளாஸைக் கீழ வச்சார்.

"தம்பி, அந்த ரயிலு டிரைவரு போறதுக்கு முன்னால விசில் ஊதுனாரா?"

"எனக்கெங்கக்கா தெரியும்? இந்த வருசம்தான் போன்ல ரெண்டு வரி போட்டிருந்தான், எழுதிட்டேன்."

"பாத்துச் சொல்லுய்யா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஜெபமணி கையைத் துண்டுல துடைச்சிட்டுப் போனை எடுத்துத் தேடினார். கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி, போனை மூஞ்சிக்கிட்ட வச்சு வாசிக்க ஆரம்பிச்சார். "தனுஷ்கோடிக்குக் கொஞ்ச தூரத்தில் சிக்னல்..."

"கைகாட்டி இறங்கல," என்றாள் சுப்புத்தாய்.

ஜெபமணி நிமிந்து பாத்தார். திரும்பவும் போனைப் பாத்தார். "ஆமா. சிக்னல் வேலை செய்யல. கொஞ்ச நேரம் காத்திருந்திருக்கார். அதுக்கப்புறம்..."

"நீளமா ஒரு விசில் ஊதிட்டு வண்டியை விட்டாரு. பனை உசரத்துக்கு அலை வந்துச்சு."

ஜெபமணி போனைக் கீழ இறக்கினார். முழங்கை வரைக்கும் முடி குத்திட்டு நிக்கிறதை அவரே குனிஞ்சு பாத்துக்கிட்டார். "கர்த்தரே! அக்கா, நீங்க எழுதப் படிக்கத் தெரியாதவங்க. அப்படியே இதுல இருக்கிறதைச் சொல்றீங்களே, யாரு சொன்னது உங்களுக்கு?"

"எங்காத்தா. அவளுக்கு யாரு சொன்னதோ. எஸ்டேட்டுக் கணக்குப்பிள்ளை பேப்பரு வாசிச்சிருப்பாரு, நாலு நாள் கழிச்சு. அவள் புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே கேட்டிருப்பா." போனைக் கை காட்டிக் கேட்டாள். "அதுல எத்தனை பேருய்யா போனாக?"

"நூறு பேருக்கும் மேலன்னு போட்டிருக்கு."

"அதுக்குத்தான் அழுதிருக்கா. நான் கதைக்கு அழுகுறான்னுல நெனச்சேன்." அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டாள். ஜீப்புல இருந்த பொம்பளைக எல்லாம் ஒவ்வொருத்தியா இறங்கி வந்து சுத்தி நின்னாளுக. அவளுகளுக்குத் தவுட்டுக் கதை தெரியும். மலையில யாருக்குத்தான் தெரியாது?

சுப்புத்தாய் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். "ரயிலு நெசம். ரயிலு நெசம்னா மழையும் நெசம். மழை நெசம்னா அவ வலியும் நெசம். அவ வலி நெசம்னா..." ரெண்டு கையாலயும் தன் நெஞ்சைத் தொட்டுக்கிட்டாள். "யாத்தே! என்னையப் பெத்த மகராசி! நீதான் பெத்தியா என்னைய!"

முனீஸ்வரி விசும்பினாள். விஜயபாண்டிதான், எதையாவது சொல்லித் தொலைக்கணுமேன்னு, "பெரியம்மா, பன்னெண்டு மணிக்கு முன்னாலயா, பின்னாலயா? பின்னாலன்னா இருபத்தி மூணாந்தேதியில்ல?"ன்னு கேட்டான்.

"போடா பொசகெட்டவனே!" ஜெபமணிக்குக் கோபம் வந்துருச்சு. "ரெண்டு நாளும் டீ குடுப்பேன். ரெண்டு நாளும் வடை குடுப்பேன். உனக்கென்னடா?" கடைசி வரிக்குக் கீழ சாக்பீஸை வச்சார். "சொல்லுங்கக்கா, எப்படி எழுத? சுப்புத்தாய்னு மட்டும் போடவா, ஊரு பேரும் சேத்துப் போடவா?"

சுப்புத்தாய் கண்ணைத் துடைச்சிட்டு யோசிச்சாள். பலகையில இருந்த எழுத்து எதுவும் அவளுக்குப் பிடிபடாது. ஆனா மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாள். முதல் ரயிலு ஓடினதும் இந்த நாளாம், ரயிலு முங்கினதும் இந்த நாளாம். உலகமே கையெடுத்துக் கும்பிடுற கணக்குப் புலியை ஒரு ஆத்தா பெத்ததும் இதே நாளாம். ஒரே நாளு வயித்துக்குள்ள எம்புட்டுத்தான் அடங்கும்னு அவளுக்கு மலைப்பா இருந்துச்சு. அம்புட்டுக்கும் நடுவுல, கூரை பறக்குற லயத்துல, ஒத்தையில கெடந்து பல்லைக் கடிச்சவ ஒருத்தி.

"எம்பேரு வேணாம் தம்பி. நான் சும்மா வந்து விழுந்தேன். நான் என்ன செஞ்சேன்? அவ பேரை எழுது."

"பொறந்தவங்க பேரைத்தானேக்கா எழுதுறது?"

"பெத்தவ பேரை எழுதுய்யா. அவதான் அன்னைக்குப் பாடுபட்டவ."

ஜெபமணி எழுதினார். எப்பவும் கோழி கிளறின மாதிரி எழுதுற மனுசன், அன்னைக்கு அச்சுப் பிடிச்ச மாதிரி எழுதினார். முனீஸ்வரி தொண்டையைச் செருமினாள். எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிச்சாள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தி நாலு. அதே இரவில், போடிமெட்டுக்கு அப்பால் ஏலக்காட்டு லயத்தில், மொக்கம்மாள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார்."

"இன்னொரு மட்டம் வாசிடி," என்றாள் சுப்புத்தாய். முனீஸ்வரி வாசிச்சாள். ஜெபமணி குடுத்த டீ அதுக்குள்ள ஆறிப்போச்சு, ஆனாலும் ஒரு சொட்டு விடாம குடிச்சாள்.

அன்னைக்கு ஜீப்பு லேட்டு. விஜயபாண்டி ஹாரன் அடிக்கல. கொண்டை ஊசி வளைவுல வண்டி ஏறுறப்போ, கீழ போடி சின்னதாகிக்கிட்டே போச்சு. தண்டவாளம் எங்க இருக்குன்னு சுப்புத்தாய் எட்டிப் பாத்தாள், பனியில ஒண்ணும் தெரியல. அப்புறம் பொம்பளைக பக்கம் திரும்பினாள். இத்தனை காலமா வாயைத் தொறக்காதவள், சத்தமாவே ஆரம்பிச்சாள்.

"கேளுங்கடி. எங்காத்தா மொக்கம்மா என்னையப் பெத்தது, கடலுக்குள்ள ரயிலு போன ராத்திரி."

ஒருத்திகூடச் சிரிக்கல.