பர்கண்டியிலிருந்து வந்த பாட்டில்

என் தாய்மாமா கொடைக்கானலில் வயதான பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சாமியார் ஒருவருக்குச் சமையல்காரராக இருந்தார். எனக்கு ஒன்பது வயதான கோடை விடுமுறையில், எங்கள் மலைக்கிராமமான கூக்காலிலிருந்து ஒரு சேவலோடு என்னை மாமா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். சேவல் சாமியாரின் விருந்துக்கு; நான் மாமிக்குப் பேச்சுத் துணைக்கு. மறுநாளே எங்கள் இருவருக்கும் வீட்டு நினைப்பு வந்துவிட்டது. அது கூவித் தீர்த்துக்கொண்டது, நான் அழுது தீர்த்துக்கொண்டேன்.

விருந்துக்குக் காரணம் ஒரு பாட்டில். சாமியாரின் ஊர் பிரான்சில் இருக்கிற பர்கண்டி. எங்கள் மலைச்சரிவில் பூண்டு விளைகிற மாதிரி அங்கே திராட்சை விளையுமாம். அதிலும் காலை வெயில் விழுகிற நடுச்சரிவுத் திராட்சைதான் உசத்தியாம். அங்கே அவர் தம்பிக்குக் கொஞ்சம் கொடிகள் இருந்தன. தம்பி இறந்துபோனார். அவர் கையால் போட்ட கடைசிச் சிவப்பு ஒயினில் ஒரு பாட்டிலை, ஊருக்குப் போய்த் திரும்பிய இளம் சாமியார் ஒருவர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கப்பலில் பம்பாய், பிறகு சித்திரை வெயிலில் ரயிலேறி கொடை ரோடு. மதுவிலக்குக் காலம் அது. பூசைக்கு வைக்கிற திராட்சை ரசத்துக்கு மட்டும்தான் அனுமதி. அதனால் பாட்டிலைப் பற்றி மாமா வெளியில் மூச்சுவிடவில்லை.

அந்த ஒயினுக்குச் சேவலும் காளானும்தான் ஜோடி என்று சாமியார் சொல்லியிருந்தார். அவர் ஊரில் சேவலையே ஒயினில்தான் வேகவைப்பார்களாம். இங்கே இருந்தது ஒரே பாட்டில். ஆகவே எங்கள் சேவல் சின்ன வெங்காயத்தோடும் கூக்கால் பூண்டோடும் வெறும் தண்ணீரில் வெந்தது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. முந்தைய மார்கழியில் வந்த காய்ச்சலோடு சாமியாருக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது. பக்கத்தில் பால் தீய்ந்தாலும் தன் பாட்டுக்கு ஜெபப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார்.

விருந்தன்று மத்தியானம் மாமா தக்கையைப் பிடுங்கி, பாட்டில் வாயை மோந்து பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் கிளாசில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தார். காளான் தட்டோடு நான் பின்னால் போனேன். சாமியார் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வாசனை எப்படி இருக்கிறது என்று மாமாவிடம் கேட்டார்.

“சுருட்டுப் பிடிச்சுப் பிடிச்சு என் மூக்கு செத்துக் கெடக்குங்க சாமி. புள்ளையக் கேளுங்க,” என்றார் மாமா. அவர் சுருட்டைத் தொட்டதே கிடையாது.

கிளாஸ் என்னிடம் வந்தது. சாராய வாடை மூக்கில் ஏறினாலே போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். நான் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூக்கை மட்டும் கிளாசுக்குள் விட்டேன். ஏதாவது சொல்லியாக வேண்டும். கண்ணை மூடினால் எங்கள் வீடுதான் வந்தது.

“மழ பேஞ்ச மண்ணு வாசம் அடிக்குங்க சாமி,” என்றேன். “மரத்தடியில விழுந்து கனிஞ்சு கெடக்கற பிளம்ஸ் வாசம். வெள்ளனே அடுப்புப் பத்தவைக்கையில வர்ற புகை. அப்புறம் ஈரச் சாக்கு.”

ஈரச் சாக்கு எங்கள் பூண்டுப் பரணில் கிடப்பது. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ஆமாம்மா,” என்றார் சாமியார். “அதேதான். எங்க தம்பி வீட்டு நிலவறை.” கண்ணை மூடிக்கொண்டு கிளாசைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

பாட்டிலில் மிஞ்சியதை மாமா சாயங்காலம் நறுக்கிய வெங்காயத்தின் மேல் ஊற்றினார். வழியில் பட்ட வெயிலில் ஒயின் முழுக்கக் காடியாகப் புளித்துவிட்டதாம். சாமிக்குத் தெரியவே கூடாது என்றார். பொய் சொன்னால் காதைத் திருகுகிற மனிதர், அன்று ஈரல் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் கிழவரை ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு வெகுநாள் பெருமையாகவே இருந்தது.

சாமியாரும் மாமாவும் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சென்ற மழைக்காலத்தில் காய்ச்சலோடு எனக்கும் வாசனை தெரியாமல் போயிற்று. மருமகள் சோற்றில் புளிக்குழம்பு ஊற்றினாள். பூண்டு மணக்கவில்லை, வெந்தயம் மணக்கவில்லை. புளிப்பு மட்டும் சுரீரென்று நாக்கில் ஏறியது. கையிலெடுத்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். மூக்கு போனாலும் நாக்குக்குப் புளிப்பு தெரியும். சாமியாருக்கு முதல் வாயிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் வாசனையைக் கேட்டிருக்கிறார், கடைசிச் சொட்டுவரை குடித்திருக்கிறார்.